வாசகர் கேள்வி – பதில்: தொட்டுபொல மலையும் எங்கள் கச்சான் காற்றும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் எல்லோரும் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்கே விரைகிறார்கள், நுழைவாயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் தொட்டுபொல மலையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆடி மாதத்தில் அங்கே பல் கிட்டிக்க நடுங்கியதையும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த மலைக்கே ஒதுக்குகிறேன். விதைநெல் பற்றியும் காணி உறுதி பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, தொட்டுபொல என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த மலை எங்கே இருக்கிறது? உலக முடிவைப் பார்க்காமல் அதில் ஏறுவதற்கு அங்கே என்னதான் இருக்கிறது?
– ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: நுவரெலியா மாவட்டத்தில், ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் பட்டிப்பொல வாயிலுக்கு அண்மையில் இருக்கிறது. உயரம் 2357 மீற்றர். பிதுருதலாகல, கிரிகல்பொத்த ஆகிய இரண்டுக்கும் அடுத்ததாக இலங்கையின் மூன்றாவது உயர்ந்த மலை இதுவே. மூன்றாவது உயரம் என்றதும் நீங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். சமவெளியே கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே இருப்பதால், நாம் நம் கால்களால் ஏற வேண்டியது ஏறக்குறைய 250 மீற்றரோ அதற்கும் குறைவோதான். மீதி உயரம் முழுவதையும் பேருந்தும் புகையிரதமும் நமக்காக ஏறிவிடுகின்றன. பாதை ஒரு வழிக்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர். நின்று நின்று நடப்பவருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி வந்துவிடும்.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதலில் ஒரு குட்டைக் காடு இருக்கிறது. அங்குள்ள மரங்கள் நம் ஊர் வேம்பைப் போலவோ மருதைப் போலவோ நிமிர்ந்து வளர்வதில்லை. காற்றுக்குக் குனிந்து, முறுகி, கிளையெல்லாம் பாசி போர்த்து, கிழவனின் தாடியைப் போல் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்க நிற்கும். அந்தக் காட்டைக் கடந்தால் இடுப்பளவும் தோளளவுமாகக் குறுமூங்கில் தொடங்குகிறது. உச்சியை நெருங்கும்போது மூங்கிலும் புதரும் தவிர வேறில்லை. காலடியில் கறுத்த மண். மழைநீர் பாதையை வாய்க்காலாக அறுத்து வைத்திருக்கும். திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளியின் மஞ்சளித்த புல்லும், அதற்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகளாகக் காடும், தொலைவில் கிரிகல்பொத்தவும் தெரியும்.

உலக முடிவில் இருப்பதைப் போன்ற பாதாளம் இங்கே இல்லை. படம் எடுத்து அனுப்பினால் பார்ப்பவர் ‘இதற்கா போனாய்’ என்று கேட்கக்கூடிய மலைதான். ஆனால் நான் ஏறிய நான்கு முறையில் மூன்று முறை, ஏறியபோதும் இறங்கியபோதும் வேறு மனிதர் ஒருவரையும் காணவில்லை. விடுமுறை நாளில் உலக முடிவின் விளிம்பில் நின்று முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கேள்வி: ஆடியில் வந்தாறுமூலையில் விடுதி அறையின் சுவரே சுடுகிறது. அதே மாதத்தில் நீங்கள் நடுங்கியதாக எழுதியது வெறும் உயரத்தினாலா, அல்லது வேறு காரணம் உண்டா?
– பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது நான் முப்பது ஆண்டு வகுப்பறையில் காத்திருந்த கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உயரம் ஒரு காரணந்தான். பொதுவாக ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் என்ற கணக்கில் வெப்பம் குறைகிறது. ஆகவே மட்டக்களப்பில் 30 பாகையாக இருக்கும் நாளில் தொட்டுபொல உச்சியில் 15 பாகை அளவில் இருக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் ஆண்டுச் சராசரியே 13 பாகை அளவில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் விடுதிச் சுவர் சுடுவதும் என் பற்கள் கிட்டித்ததும் தனித்தனியான இரண்டு செய்திகள் அல்ல. இரண்டையும் செய்வது ஒரே காற்று.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து நீராவியை அள்ளிக்கொண்டு வந்து மத்திய மலைநாட்டில் மோதுகிறது. மோதிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது அதிலுள்ள நீராவி முகிலாகி மழையாகக் கொட்டுகிறது. நீராவி நீராக மாறுகையில் தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்கே விட்டுவிடுவதால், ஈரக்காற்று ஏறும்போது ஆயிரம் மீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு பாகைதான் குளிர்கிறது. மலைமுதுகைத் தாண்டியதும் அதே காற்று, மழையை மேற்கிலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே சரிகிறது. உலர்ந்த காற்று இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது கூடுதல். அந்த மிச்சச் சூடுதான் மகா ஓயாவையும் கரடியனாற்றையும் கடந்து வந்து, செங்கலடிச் சந்தியில் புழுதியைக் கிளப்பி, உங்கள் அறைச் சுவரில் மோதுகிறது. நம் மூத்தவர்கள் அதற்குக் கச்சான் என்று பெயரிட்டார்கள். வானிலை நூல்களில் மலை தாண்டி வரும் வெப்பக் காற்றுக்கு உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்லும் இடத்தில், நம் கச்சானும் அதே பெயரோடு இடம்பெறுவதுண்டு.

ஆகவே ஆடி மாதத்தில் தொட்டுபொல மலையில் நின்றால், கச்சான் கச்சானாவதற்கு முன்னர் எப்படி இருந்தது என்பதை நீங்கள் முகத்தாலேயே அறியலாம். அங்கே அது ஈரமானது. சாரலோடு பக்கவாட்டில் அடிப்பது. பேச வாய் திறந்தால் சொல்லைப் பறித்துக்கொண்டு போவது. இதே காற்றை நம்பித்தான் ஊரில் நெல்லை உலர்த்தினார்கள் என்று எண்ணும்போது சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கத் தாடை அசையாது. (நான் அப்போது சட்டைப்பையில் வைத்திருந்த தின்பண்டமும் கச்சான்தான். கடலையைச் சொல்கிறேன். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் எப்படி வாய்த்தது என்று தயவுசெய்து எவரும் அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.)

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசி, நம் வாவியும் வயலும் நிறையும் காலத்தில் சமவெளிக்கும் மழை உண்டு. தெளிந்த வானத்தோடு ஏற வேண்டுமானால் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரையுள்ள காலமே நல்லது. அப்போது பகல் இதமாக இருக்கும். இரவிலோ புல்நுனியில் உறைபனி பூக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் சென்ற ஆண்டு என்னை அழைத்துப்போய், மரமே இல்லாத ஒரு மேட்டு நிலத்தில் நடக்கவைத்தாள். ‘மூர்’ என்று சொன்னாள். ஊதாப் பூ பூத்த புதரும் சேறும் காற்றும்தான். நீங்கள் எழுதியதை வாசித்தபோது அந்த இடம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுதானா? அதற்குத் தமிழில் என்ன பெயர்?
– ஓய்வுபெற்ற தபால் அலுவலர், கல்லடி

பதில்: ஒன்றல்ல, ஆனால் சொந்தக்காரர்கள் என்று சொல்லலாம். நீங்கள் அங்கே கண்ட ஊதாப் பூ ஹெதர் என்னும் குறும்புதர். ஆவணி மாதத்தில் மேட்டு நிலம் முழுவதையும் நிறமாற்றும். ஹோர்ட்டன் சமவெளியில் ஹெதர் இல்லை. ஆனால் சிங்களத்தில் மகாரத்மல் எனப்படும், சிவப்புக் கொத்தாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம் அங்கே நிற்கிறது. தாவரவியலார் அதையும் ஹெதரையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். சமவெளியை ஆங்கிலேயர் விரும்பிச் சுற்றியதற்கு இந்தச் சாயலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். ஓடைகளில் தங்கள் நாட்டார் விரும்பும் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னரே அந்த இடத்துக்கு மகா எலிய என்ற பெயர் இருந்தது.

இரண்டு நிலத்துக்கும் உண்மையான ஒற்றுமை மண்ணில் இருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் உதிர்ந்த இலையும் புல்லும் விரைவாக மக்குவதில்லை. மக்காத பொருள் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து, புளிப்புத் தன்மையுள்ள கறுத்த மண்ணாகி, பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் சப்பாத்தை அங்கே உள்ளிழுத்த சேறும், இங்கே என் சப்பாத்தை உள்ளிழுத்த சேறும் அந்த வகையால் ஒன்றே.

வேறுபாடு மரத்தில் இருக்கிறது. இங்கிலாந்து மேட்டு நிலத்தில் மரமில்லாமைக்கு ஆட்டு மேய்ச்சலும், இளந்தளிருக்காகப் புதரை எரிப்பதும் பெருங்காரணங்கள். ஹோர்ட்டன் சமவெளியிலோ காடும் புல்வெளியும் பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பியைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல் இருக்கும். பள்ளங்களில் தேங்கும் குளிர்காற்றும் உறைபனியும் மரக்கன்றுகளைக் கொன்றுவிடுவதால் புல்வெளி நிலைக்கிறது என்பார் சிலர். பழங்காலத்தில் மனிதர் வைத்த தீயின் விளைவு என்பார் வேறு சிலர். குளிர்காலை ஒன்றில் பள்ளத்தில் மட்டும் வெண்மை படிந்திருக்க, மேட்டில் ஒரு துளி உறைபனியும் இல்லாததைப் பார்த்தவன் என்ற முறையில், நான் முதலாவது கட்சியின் பக்கம் சாய்கிறேன்.

தமிழ்ப் பெயரைப் பொறுத்தவரையில், நீலகிரியைப் பற்றி எழுதுவோர் சோலைக்காடு, புல்வெளி என்று சேர்த்துச் சொல்வார்கள். இலங்கையில் இந்த நிலத்துக்குப் ‘பத்தன’ என்ற சிங்களச் சொல் அறிவியல் எழுத்திலும் நிலைத்துவிட்டது. தலவாக்கலைப் பக்கத்துப் பத்தனை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழந்தமிழர் பெயர் வைக்காமல் விட்டுவிடவில்லை. சிங்களத்தில் நெலு எனப்படும் செடி தொட்டுபொலச் சரிவிலும் சமவெளியிலும் புதர்புதராக வளர்கிறது. அதன் சில இனங்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே காலத்தில் பூத்து, விதையிட்டு, மடிந்துவிடும். 2013இல் அப்படிப் பூத்தபோது அதைப் பார்க்கவென்றே பெருங்கூட்டம் போனது. அது வேறொன்றுமல்ல, நீலகிரிக் குறிஞ்சியின் உடன்பிறப்பு. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று வகுத்தவர்கள், மலைக்குளிரில் இரவு கழித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: இராவணன் தன் வானூர்தியை இறக்கிய இடம் தொட்டுபொல என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கல்முனை

பதில்: சிங்களத்தில் தொட்டுபொல என்றால் துறை, இறங்குதுறை என்று பொருள். மலையுச்சியில் ஓடம் வந்து சேர வழியில்லாதபடியால், பெயருக்கு ஏற்ற கதை வானத்திலிருந்து இறங்கியது என்று நினைக்கிறேன். ஏறிப் பார்த்தால் அங்கே புட்பக விமானம் இறங்க மூங்கில் இடம் விடாது.

கேள்வி: நமது மாவட்டத்திலேயே குடும்பிமலை இருக்கும்போது, நுவரெலியாவுக்குப் போய் மலையேறச் சொல்வது முறையா?
– கமக்காரர், கிரான்

பதில்: முறையான கோபந்தான். ஒரு கணக்கைச் சொன்னால் உங்கள் கட்சி இன்னும் வலுக்கும். குடும்பிமலையின் உயரம் 534 மீற்றர். தொட்டுபொலவின் கால்பங்குக்கும் குறைவு. ஆனால் நம் மலை கடல்மட்டத்தோடு ஒட்டிய தாழ்நிலத்திலிருந்து தனியாக எழுகிறது. அடியிலிருந்து உச்சிவரை ஏறுகிறவனின் கால் அளக்கும் உயரத்தைக் கணக்கிட்டால், மூன்றாவது உயர்ந்த மலையைவிட நமது மலையே அதிகம் ஏற வைக்கும். வெயிலையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். தொட்டுபொலவில் ஒரு போத்தல் தண்ணீரில் பாதியை நான் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். குடும்பிமலைப் பக்கத்தில் மூன்று போத்தல் போதாமல் பட்டிக்காரர் ஒருவரின் வாடியில் மோர் வாங்கிக் குடித்துத்தான் திரும்பினேன். அந்த மோரின் சுவையை நுவரெலியாவில் தேடிப் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழர் அதில் முடிந்த குடுமியைக் கண்டார்கள். சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றார்கள். ஆங்கிலேயர் ஒரு பிரபுவின் தொப்பியைக் கண்டு அவ்வாறே வரைபடத்தில் எழுதினார்கள். மூவருமே தூரத்தில் நின்று ஒரு தலையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இருந்தும் உங்கள் மலைக்கு எவரையும் எழுந்தமானமாகப் போகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 2007 ஆடி வரை அது போர்க்களம். இன்றும் காட்டுத் திணைக்களத்தினரிடமும் அங்குள்ள படையினரிடமும் கேட்டறிந்து, வழி தெரிந்த ஊரவர் ஒருவரோடு போவதே ஒழுங்கு. யானை நடமாட்டம் உண்டு. மாரியில் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி வெள்ளத்தில் மூழ்கி, தோணியிலும் உழவு இயந்திரத்திலும் ஆட்கள் கடப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கமான மலை என்றால் குடும்பிமலையும் ஒதுக்கந்தான். ஆனால் அதன் ஒதுக்கத்துக்குக் காரணங்கள் வேறு. அதைப் பற்றி எழுதத் தனி இதழ் வேண்டும், அதை எழுதும் உரிமையும் என்னைவிட உங்களுக்கே அதிகம்.

கேள்வி: எனக்கு வயது 61. முழங்கால் நோவு உண்டு. மருமகன் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். ஏற முடியுமா? என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்?
– வாசகி, காத்தான்குடி

பதில்: ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை குறுகியது, ஆனால் படி இல்லை, மண் வழுக்கும், சில இடங்களில் வேரைப் பிடித்துக் கால் வைக்க வேண்டும். கையில் ஊன்றுகோல் ஒன்று இருக்கட்டும். உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதன் முக்கால் பங்களவே. ஆகவே காத்தான்குடியில் மூச்சு வாங்காதவருக்கும் அங்கே வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். பேச்சு அறுந்தால் நின்றுகொள்ளுங்கள். இருதய நோயோ உயர் குருதியமுக்கமோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். முதல் நாள் இரவை அப்புத்தளையிலோ நுவரெலியாவிலோ கழித்து, உடலைக் குளிருக்குப் பழக்கிக்கொண்டு போவது நல்லது.

உடையைப் பொறுத்தவரையில், தடித்த ஓர் உடையைவிட மெல்லிய மூன்று உடைகள் மேல். ஏறும்போது வியர்க்கும், ஒன்றைக் களையலாம்; நின்றதும் குளிரும், மீண்டும் அணியலாம். பருத்தி நனைந்தால் உலராது, உடல்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே உள்ளே பருத்தி அணிந்தால் மாற்று ஒன்று கட்டாயம் வேண்டும். காற்றையும் சாரலையும் தடுக்கும் மேலங்கி ஒன்று, காதை மூட ஒரு துணி, அடி வழுக்காத சப்பாத்து. முக்காடு அணிகிறவர்களுக்குக் காதுக்குளிர்க் கவலை குறைவு. மூங்கில் முள்போல் கொழுவும் என்பதால் தொங்கல்களை மட்டும் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். முகில் மூடியிருந்தாலும் அந்த உயரத்து வெயில் தோலைச் சுடும். நம்பாமல் போன என் மூக்கு ஒரு வாரம் உரிந்தது.

கேள்வி: சாப்பாட்டுப் பொதி கொண்டுபோக விடுவார்களா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சாப்பாட்டை விடுவார்கள், பொலித்தீனை விடமாட்டார்கள். வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வாழையிலையில் பிட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஒருவரும் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பிட்டு அந்தக் குளிரில் மணலாக உதிரும். தயிரும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்து எடுத்துச் செல்வது நம் ஊர் அனுபவம். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் வந்து நின்று கண்ணால் கேட்கும். கொடுக்க வேண்டாம். மனிதர் கையுணவுக்குப் பழகி, பொலித்தீனையும் விழுங்கி அவை மாண்டிருக்கின்றன.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். தொட்டுபொல சிறிது என்று தோன்றுகிறது. பெரிதாக ஒன்றைச் சொல்லுங்கள்.
– இளைஞர்கள், பெரிய நீலாவணை

பதில்: கிரிகல்பொத்த. சமவெளியில் உள்ள ஃபார் இன் என்னும் கட்டடத்தின் அருகிலிருந்து ஒரு வழிக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். பொதுமக்கள் நடந்து ஏறக்கூடிய மலைகளில் அதுவே இலங்கையில் உயர்ந்தது. பாதை சதுப்பில் மறைந்து மறைந்து தோன்றும். போய்த் திரும்ப ஒரு பகல் வேண்டும். தொட்டுபொலவில் ஒருமுறை வழி தவறாமல் இறங்கியவர்கள் மட்டும் போங்கள்.

கேள்வி: சமவெளி வீதியோரத்தில் மஞ்சள் பூவோடு முட்செடி ஒன்று அடர்ந்து கிடந்தது. அழகாக இருந்தமையால் வேரோடு பிடுங்கி வர நினைத்தேன், வாயிலில் பிடிபடுவேன் என்று விட்டுவிட்டேன். அது என்ன செடி?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: பூங்காவிலிருந்து ஒரு புல்லைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். ஆனாலும், பூங்கா அலுவலர்களும் தொண்டர்களும் கைகொள்ளும் மட்டும் பிடுங்கி அழிக்கிற ஒரு செடியைத்தான் நீங்கள் ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அதன் பெயர் கோர்ஸ். மேற்கு ஐரோப்பாவுக்கு உரியது. கல்லடி வாசகர் நடந்த மேட்டு நிலங்களில் அது சொந்த வீட்டுப் பிள்ளை. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, பகைப்பூச்சி எதுவுமின்றிப் பெருகிவிட்டது. இதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். எரித்தால் அழியும் என்று பார்த்தால், தீச்சூடு பட்டு விதைகள் இன்னும் நன்றாக முளைக்கும். அது படரும் இடத்தில் புல்லும் இல்லை, புல்லை நம்பிய மரையும் இல்லை. சப்பாத்து அடியில் ஒட்டிய மண்ணோடும் விதை பயணம் செய்யும். ஆகவே தொட்டுபொலப் பாதையில் கால் வைக்கும் முன்னர் சப்பாத்தைத் தட்டிக்கொள்ளுங்கள். இதுவரை அந்தப் பாதையின் மேற்பகுதியில் நான் கோர்ஸைக் காணவில்லை.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு ஏறினேன். மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பதுளைக்குப் பேருந்து, பிறகு இன்னொன்று, நுழைவுக் கட்டணம், இரவு தங்கல் எல்லாம் வீண்!
– வாசகர், திருக்கோவில்

பதில்: கட்டணத்தைத் திருப்பித் தர என்னால் இயலாது, குற்றத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பத்து மணிக்குப் பின்னர் என்று ஊகிக்கிறேன். சமவெளியில் விடிகாலை தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து வந்து மலையை மூடிவிடும். என்னையும் ஒருமுறை உச்சியில் வைத்து மூடியது. இறங்கும்போது மூங்கிலுக்குள் மரை நடந்த தடத்தைப் பாதையென்று நம்பி அரை மணி நேரம் போய், புதர் அடைத்த ஒரு சரிவில் முடிந்தேன். அன்று கற்ற பாடம், பனி சூழ்ந்தால் நடக்காமல் இருந்த இடத்தில் இருப்பது. அது சுவர் அல்ல, திரை. சற்று நேரத்தில் ஒரு பக்கம் விலகும். தொலைபேசியின் வெளிச்சத்தை நம்பி நடந்தவர்கள் திரும்பி வரும்போது பெருமையாகப் பேசுவதில்லை.

நீங்கள் கண்டது ஒன்றுமில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பனி மரப்பாசியிலும் இலை நுனியிலும் படிந்து, மழை பெய்யாத நாளிலும் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தப் பஞ்சு மண் அதைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் தலையூற்றுகள் உண்டு. அவற்றுள் மகாவலி நாட்டின் பாதியைச் சுற்றிவந்து கொட்டியாரக் குடாவில் விழுவதற்கு முன்னர், ஒரு கிளையை நம் பக்கம் அனுப்புகிறது. வெருகல் முருகனைக் கும்பிடப் போகும்போது நீங்கள் கால் நனைத்த வெருகல் ஆறு அதுதான்.

மீண்டும் ஒருமுறை போக மனம் வந்தால் மாசி மாதத்தில் போங்கள். செங்கலடியில் பதுளை வீதியில் ஏறி, மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றைப் பார்த்துக்கொண்டு, பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாக மேலே போகலாம். புகையிரதம் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு பட்டிப்பொலவில் இறங்குங்கள். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அது, இறங்கியதுமே குளிர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். இரவு அங்கே பக்கத்தில் தங்கி, காலை ஆறு மணிக்கு வாயிலில் நில்லுங்கள். தொட்டுபொலப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று அனுமதிச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு உச்சியில் இருந்தால், பத்து மணிக்கு முகில் வந்து மூடும்போது நீங்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்.